வெந்நீர் கட்டிய மலையும் அதன் மேல் ஒரு நகரமும்: பாமுக்கலே பற்றி வாசகர் கேள்வி – பதில்

தென்மேற்குத் துருக்கியின் டெனிஸ்லி மாகாணத்தில் உள்ள பாமுக்கலேயைப் பற்றிக் கடந்த இதழில் ஒரு பக்க அளவில் எழுதியிருந்தேன். வெந்நீர் ஊற்றுகள் உண்டாக்கிய வெண்ணிறப் படித்தட்டுகளும், அவற்றின் தலைமாட்டில் சிதைந்து கிடக்கும் ஹியராபோலிஸ் என்ற பழைய நகரமும் சேர்ந்த இடம் அது. அதைப் படித்துப் பயணத்துக்கு ஆயத்தமாகிறவர்களும், போய்வந்து மனம் சோர்ந்தவர்களும் அனுப்பிய கடிதங்களில், பலருக்கும் பயன்படக்கூடிய கேள்விகளை எடுத்துக்கொண்டு இங்கே விடை எழுதுகிறேன்.

என் மகனும் மருமகளும் சென்ற ஆண்டு பாமுக்கலேக்குப் போய்வந்தார்கள். படங்களில் நீலநீர் ததும்பி நிற்கும் தொட்டிகளில் பெரும்பாலானவை வறண்டு கிடந்தனவாம். இது பயணிகளை ஏமாற்றும் வேலையா?
— இல்லத்தரசி, கோயம்புத்தூர்

ஏமாற்று வேலை அன்று. ஆனால் அவர்களுடைய மனக்குறை நியாயமானது. விளம்பரங்களில் வரும் படங்கள் எந்த ஆண்டில், சரிவின் எந்தப் பகுதியில் எடுக்கப்பட்டவை என்று யாரும் சொல்வதில்லை. அந்த வெண்சரிவு ஏறத்தாழ 2,700 மீட்டர் நீளமும் 160 மீட்டர் உயரமும் உடையது. அவ்வளவு பரப்பையும் ஒரே வேளையில் நனைத்து வைக்க ஊற்றுநீர் போதாது. ஆகவே நம் ஊர்களில் ஏரி நீரை முறை வைத்து ஒவ்வொரு மடையாகத் திறந்துவிடுவதைப் போல, அங்கும் நீரை வாய்க்கால்கள் வழியே முறை வைத்துத் திருப்புகிறார்கள். நீர் குறைவு என்பது மட்டும் இதற்குக் காரணம் அன்று. ஒரு தட்டில் நீர் இடைவிடாமல் நின்றால் பாசி படர்ந்து நிறம் மங்கிவிடும் என்பதால், சில நாள் நீரை நிறுத்தி வெயிலில் காயவிட்டால்தான் அதன் வெண்மை காக்கப்படும்.

இந்தக் கட்டுப்பாடு எப்படி வந்தது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. இருபதாம் நூற்றாண்டில் பழைய நகரத்தின் இடிபாடுகள் மீதே தங்கும் விடுதிகள் கட்டப்பட்டன. ஊற்றுநீர் அவற்றின் நீச்சல் குளங்களுக்குப் போயிற்று. பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறுவதற்காக வெண்படிவின் குறுக்கே ஒரு சாலை போடப்பட்டு, அதில் வண்டிகளும் ஓடின. இயற்கை, பண்பாடு ஆகிய இரண்டின் பொருட்டும் 1988இல் யுனெஸ்கோ இவ்விடத்தை உலக மரபுச் சின்னமாக ஏற்ற பின்னர், அந்த விடுதிகள் இடிக்கப்பட்டன. சாலை அகற்றப்பட்டு, அதன் தடத்தில் செயற்கைத் தொட்டிகள் கட்டப்பட்டன. இன்று பயணிகள் காலை நனைத்துக்கொண்டு நடக்கும் தொட்டிகள் பெரும்பாலும் இவையே. இயற்கையாக உருவான தட்டுகளைத் தள்ளி நின்று பார்க்கத்தான் இசைவு உண்டு. வறண்டு கிடந்த தட்டுகளைக் கண்டு தங்கள் மகன் வருந்தியிருந்தால், அவை கைவிடப்பட்டவை அல்ல, பழைய காயங்கள் ஆறுவதற்காக ஓய்வில் விடப்பட்டவை என்று அவரிடம் சொல்லுங்கள். நீர் நிறைந்த தட்டுகளைக் காட்டிலும் அந்த வறண்ட தட்டுகளிடம்தான் எனக்கு மதிப்பு மிகுதி.

தண்ணீரிலிருந்து கல் எப்படி உண்டாகிறது? அதுவும் ஏன் தொட்டி தொட்டியாக உண்டாகிறது?
— பதினோராம் வகுப்பு மாணவி, திருநெல்வேலி

ஆழ்துளைக் கிணற்று நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில், நாளடைவில் ஒரு வெண்பொருக்கு படிவதைப் பார்த்திருப்பாய். பாமுக்கலேயின் மலைச்சரிவு முழுவதையும் போர்த்தியிருப்பது பெரும்பாலும் அதே பொருள்தான்; வேதியியலில் அதைக் கால்சியம் கார்பனேட் என்கிறோம். ஊற்றுகள் இவ்வாறு உண்டாக்கும் கல்லுக்கு டிராவர்டைன் என்று பெயர்.

நிலத்தின் ஆழத்தில் கரியமில வாயு மிகுந்த சுடுநீர், சுண்ணாம்புக்கல் அடுக்குகளின் ஊடே செல்லும்போது அந்தக் கல்லைக் கரைத்துத் தன்னோடு எடுத்துக்கொள்கிறது. ஆழத்தின் அழுத்தம் இருக்கும்வரை வாயு நீருக்குள்ளேயே அடங்கியிருக்கும். நீர் வெளியே வந்ததும், கோலி சோடாவின் கோலியை உள்ளே தள்ளிய கணத்தில் நடப்பதே இங்கும் நடக்கிறது: அடங்கியிருந்த வாயு நீரைவிட்டுப் பிரிந்து போய்விடுகிறது. வாயு போன பிறகு அவ்வளவு சுண்ணாம்பையும் கரைத்து வைத்திருக்கும் ஆற்றல் நீருக்கு இல்லை. ஆகவே அது முதலில் கூழ்போல மென்மையாகப் படிந்து, பின்னர் இறுகிக் கல்லாகிறது.

தொட்டி வடிவத்துக்கு விடை நீரின் ஓட்டத்தில் இருக்கிறது. சரிவில் ஒரு சிறு மேடு இருந்தால், நீர் அதன் விளிம்பின் மீது மெல்லிய படலமாக, வேகமாக, கலங்கிக்கொண்டு வழிகிறது. கலங்கும் நீரிலிருந்து வாயு விரைந்து வெளியேறுகிறது. வாயு விரைந்து வெளியேறும் இடத்தில் படிவும் விரைந்து சேர்கிறது. இப்படி விளிம்பு உயர உயர அதன் பின்னால் நீர் தேங்கித் தொட்டியாகிறது. தன் கரையைத் தானே கட்டிக்கொள்ளும் நீர் என்று இதைச் சொல்லலாம்.

இதைப் பழங்காலத்தவரும் கவனித்திருக்கிறார்கள். ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ, ஹியராபோலிஸ் மக்கள் இந்த நீரை வாய்க்கால்களில் விட்டு, அது கல்லாக உறைந்ததும் அதையே வேலியாக வைத்துக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கிறார். ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸும் தோட்டங்களையும் திராட்சைக் கொல்லைகளையும் சுற்றி விடப்பட்ட இந்நீர் கல்லாக மாறியதைக் குறித்துள்ளார். இவ்வட்டாரத்தில் 35 பாகை செல்சியஸ் முதல் கொதிநிலை வரை பல்வேறு வெப்பத்தில் 17 ஊற்றுகள் இருக்கின்றன. 'பாமுக்' என்றால் துருக்கி மொழியில் பருத்தி, 'கலே' என்றால் கோட்டை.

எங்கள் திருகோணமலைக் கன்னியாவிலும் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. அங்கே ஏன் இப்படி வெண்தட்டுகள் உருவாகவில்லை?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருகோணமலை

வெப்பம் மட்டும் இருந்தால் போதாது ஐயா. அடியில் கரைவதற்குச் சுண்ணாம்புக்கல் வேண்டும். அதைக் கரைப்பதற்குக் கரியமில வாயு மிகுதியாக வேண்டும். வெளிவந்த நீர் வழிந்தோட ஒரு சரிவும் வேண்டும். கன்னியா, பழமையான கடும்பாறை நிலத்தில் அமைந்தது. அங்கே இம்மூன்றும் ஒன்றுகூடவில்லை.

உலகில் இத்தகைய தட்டுகள் சில இடங்களில்தான் இருக்கின்றன. நியூசிலாந்தின் ரோட்டோமஹானா ஏரிக்கரையில் இளஞ்சிவப்பும் வெண்மையுமாக இரண்டு பெரும் படித்தட்டுகள் இருந்தன. அவை சுண்ணாம்பால் அல்லாமல் சிலிக்காவால் ஆனவை. 1886 ஜூன் 10 அன்று டாராவெரா எரிமலை வெடித்தபோது, ஒரே இரவில் அவை பார்வைக்கு இல்லாமல் போய்விட்டன.

கரூரில் வீட்டுத் துணிகள் ஏற்றுமதி செய்கிறேன். எங்கள் தொழிலில் டெனிஸ்லி என்பது அடிக்கடி காதில் விழும் ஊர்ப்பெயர். அங்கே நெசவு வளர்ந்ததற்கும் இந்த ஊற்றுகளுக்கும் தொடர்பு உண்டா?
— ஏற்றுமதியாளர், கரூர்

இன்றைய ஆலைகளுக்கும் ஊற்றுகளுக்கும் நேர்த்தொடர்பு உண்டு என்று சொல்ல மாட்டேன். ஆனால் பழைய நகரத்தின் செல்வத்துக்கு உண்டு. ஹியராபோலிஸின் நீர் கம்பளிக்குச் சாயம் ஏற்ற வியக்கத்தக்க அளவு ஏற்றது என்றும், வேர்களைக் கொண்டு அங்கே ஏற்றிய சாயம் பூச்சியிலிருந்து எடுத்த செஞ்சாயத்துக்கும் கடல்நத்தையின் ஊதாவுக்கும் ஈடாக நின்றது என்றும் ஸ்ட்ராபோ எழுதுகிறார். கம்பளி அலசுவோர், சாயமேற்றுவோர், ஊதாச் சாயத்தார் என்று தனித்தனித் தொழிற்சங்கங்கள் இருந்ததை அங்குள்ள கல்வெட்டுகள் காட்டுகின்றன.

இது வெறும் புகழ்ச்சி அன்று. மஞ்சிட்டி இனத்து வேர்களின் சிவப்பு, படிகாரத்தோடு சுண்ணாம்புச் சத்தும் சேரும்போதுதான் துணியில் பளிச்சென்று பிடிக்கும். அந்தச் சுண்ணாம்பை அவ்வூரின் நீரே கொடுத்துவிட்டது. நம் சோழமண்டலக் கரையில் சாயவேர் கொண்டு சிவப்பேற்றிய சாயக்காரர்களும், எந்த ஊர்த் தண்ணீரில் எந்தச் சிவப்பு வரும் என்பதை அனுபவத்தால் அறிந்திருந்தவர்களே. தாங்கள் அங்கே போனால் படித்தட்டுகளைப் பார்த்த கையோடு கல்லறைகளின் கல்வெட்டுகளையும் பார்க்க வேண்டுகிறேன். தங்கள் தொழிலின் மூத்தோர் அங்கே உறங்குகிறார்கள்.

வேதாகமத்தில் வரும் எராப்போலியும் இந்த ஹியராபோலிஸும் ஒன்றுதானா? லவோதிக்கேயா அருகில் இருக்கிறதா?
— திருச்சபை ஊழியர், பாளையங்கோட்டை

ஒன்றேதான். கொலோசெயர் நிருபம் நான்காம் அதிகாரம் 13ஆம் வசனத்தில் லவோதிக்கேயரோடு சேர்த்து எராப்போலியர் என்று சொல்லப்படுபவர்கள் இந்நகரத்தாரே. லைகோஸ் ஆற்றின் பள்ளத்தாக்கில் கொலோசெ, லவோதிக்கேயா, ஹியராபோலிஸ் ஆகிய மூன்று நகரங்களும் ஒன்றையொன்று அடுத்து இருந்தன. பாமுக்கலேயின் விளிம்பில் நின்று தெற்கே பார்த்தால், லவோதிக்கேயா இருந்த சமவெளி கண்ணுக்கு எட்டும்.

லவோதிக்கேயா சபையை நோக்கி, குளிருமின்றி அனலுமின்றி வெதுவெதுப்பாயிருக்கிறாய் என்று வெளிப்படுத்தின விசேஷம் கடிந்துகொள்வதைத் தாங்கள் அறிவீர்கள். ஹியராபோலிஸின் வெந்நீரையும் கொலோசெயின் குளிர்ந்த நீரையும் மனத்தில் வைத்து இவ்வசனத்தை விளக்குவோர் உண்டு. அதை ஏற்பதும் ஏற்காததும் வேத ஆய்வாளர்களுக்குரிய செய்தி. ஆனால் லவோதிக்கேயாவுக்கு நீர் கொண்டுவந்த கற்குழாய்களின் உட்புறம் சுண்ணாம்புப் படிவு தடித்து அடைத்திருப்பதை, அங்கே போகிறவர் எவரும் கண்ணால் காணலாம்.

அங்கே கிடைத்த இன்னொரு சான்று என் மனத்தை விட்டு நீங்காதது. கி.பி. 114ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒரு பளிங்குப் பலகையில், நகரத்தின் நீரைக் களவாகத் திருப்புவோருக்கும் மாசுபடுத்துவோருக்கும் குழாய்களைச் சேதப்படுத்துவோருக்கும் உரிய தண்டங்கள் பொறிக்கப்பட்டுள்ளன; தண்டம் 5,000 தெனாரியில் (ரோமானிய வெள்ளிக்காசு) தொடங்கி 12,500 தெனாரி வரை போகிறது. முதல் கேள்விக்கான விடையில் நான் சொன்ன முறைப்பங்கீடு, அந்தப் பள்ளத்தாக்குக்குப் புதியது அன்று.

கி.பி. 60ஆம் ஆண்டளவில் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் இந்நகரங்கள் இடிந்தன. லவோதிக்கேயா ரோம் அரசின் உதவியைப் பெறாமல் தன் பொருளைக் கொண்டே மீண்டெழுந்தது என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறிப்பிடுகிறார். ஹியராபோலிஸில் அப்போஸ்தலன் பிலிப்பு இரத்தசாட்சியாக மரித்தார் என்பது பழைய மரபு. அவர் நினைவாக ஐந்தாம் நூற்றாண்டில் எண்கோண வடிவில் எழுப்பிய கோயிலின் சுவர்கள் குன்றின் மேல் நிற்கின்றன. அதற்கு அருகிலேயே அவருடைய கல்லறையைக் கண்டுபிடித்திருப்பதாக இத்தாலியத் தொல்லியலாளர் ஃபிரான்செஸ்கோ டி'ஆன்ட்ரியா 2011இல் அறிவித்தார். ஏற்றம் சற்றுக் கடினம். ஆனால் அங்கே கூட்டம் இருப்பதில்லை, மன அமைதியோடு வேண்டிக்கொள்ளலாம்.

அங்கே 'நரகத்தின் வாசல்' என்று ஒரு குகை இருப்பதாகவும், அதன் அருகே போன பறவைகள் இறந்துவிடும் என்றும் படித்தேன். இது கட்டுக்கதையா?
— வங்கி அலுவலர், சிதம்பரம்

கட்டுக்கதை அன்று. அந்த ஊரின் வரலாற்றைத் திறக்கும் சாவியே அதுதான் என்பது என் எண்ணம். ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

கிரேக்கர்களின் பாதாள உலகத் தெய்வம் புளூட்டோ. அவனுக்குரிய இடமாதலால் அக்குகையைப் புளூட்டோனியம் என்றார்கள். ஸ்ட்ராபோ அதை நேரில் கண்டவர். ஒரு மனிதர் மட்டும் நுழையக்கூடிய வாயில். அதன் முன்னே தரை தெரியாதபடி மண்டிய மூடுபனி போன்ற ஆவி. உள்ளே செலுத்தப்பட்ட காளைகள் விழுந்து இறந்தன. தாமே வீசி எறிந்த சிட்டுக்குருவிகள் அக்கணமே உயிர்விட்டன என்று அவர் எழுதுகிறார். ஆனால் கிபெலே என்ற தாய்த்தெய்வத்தின் பூசாரிகள் மட்டும் உள்ளே போய்த் தீங்கின்றித் திரும்பினார்கள். அவர்கள் இயன்றவரை மூச்சை அடக்கிக்கொண்டிருந்ததை அவர்களுடைய முகத்திலிருந்தே அறிய முடிந்தது என்றும் அவர் சேர்த்துக்கொள்கிறார், கூர்மையான கண்.

அந்த இடத்தை அகழ்ந்து கண்டுபிடித்ததாக டி'ஆன்ட்ரியாவின் குழு 2013இல் அறிவித்தது. பின்னர், 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஜெர்மானிய உயிரியலாளர் ஹார்டி ஃபான்ஸும் உடன் ஆய்ந்தவர்களும் அங்கே கசியும் வாயுவை அளந்து காட்டினார்கள். அது கரியமில வாயு. காற்றைவிடக் கனமானதாதலால் இரவில் கலையாமல் தரையோடு ஓர் ஏரியைப் போலத் தேங்குகிறது. விடியற்காலையில் மிகவும் கொடியது. வெயில் ஏறியதும் கலைந்துவிடுகிறது. குகையின் உள்ளே அதன் அளவு 91 விழுக்காடு வரை இருந்தது. காளையின் மூக்கு அந்த வாயு ஏரிக்குள் இருந்தது. நிமிர்ந்து நின்ற பூசாரியின் மூக்கு அதற்கு மேலே இருந்தது. காளை மாண்டதும் பூசாரி மீண்டதும் இதனால்தான்.

இப்போது மூன்று செய்திகளையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பாமுக்கலேயின் அடியில் நிலம் ஒரு நெடும்பிளவாகப் பிளந்திருக்கிறது. மலையைக் கட்டிய வெந்நீர் அப்பிளவின் வழியே வருகிறது. காளையைக் கொன்ற வாயுவும் அதன் வழியே வருகிறது. அந்நகரத்தைத் திரும்பத் திரும்ப வீழ்த்திய நிலநடுக்கங்களும் அதன் அசைவால் நேர்ந்தவையே. ஊரைக் கொடுத்ததும் அந்தப் பிளவு, குலைத்ததும் அந்தப் பிளவு. நோய் தீர நீராட வந்தவர்களும், தெய்வத்தைக் கண்டு அஞ்ச வந்தவர்களும், சாயமேற்றிப் பொருளீட்டியவர்களும் அதை நம்பியே அங்கே குடியேறினார்கள். கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் பெர்காமம் மன்னர்கள் அங்கே நகரத்தை நிறுவினார்கள், கி.மு. 133இல் அது ரோமர் கைக்குப் போயிற்று. நிலநடுக்கங்களுக்குப் பின் மீண்டும் மீண்டும் எழுப்பப்பட்டு, பதினான்காம் நூற்றாண்டில் ஒரு பெரும் நிலநடுக்கத்தோடு முற்றிலும் கைவிடப்பட்டது. வெண்தட்டுகளை மட்டும் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள், இந்தக் கதையின் பாதியை அங்கேயே விட்டுவிட்டு வருகிறார்கள் என்பதே என் வருத்தம்.

இன்று அவ்விடத்தைத் தடுப்புக்கு வெளியே நின்று பார்க்கலாம். தடுப்பைத் தாண்ட வேண்டாம். வாயு இன்னும் வருகிறது.

'கிளியோபாட்ரா குளம்' என்று ஒன்று உள்ளதாமே, அவள் அங்கே குளித்தாளா? அங்கே நீராடினால் மூட்டுவலி தீருமா?
— வாசகி, மயிலாடுதுறை

அவள் குளித்ததற்குச் சான்று இல்லை. அக்குளத்துக்கு அழகு தருபவை நீருக்கடியில் கிடக்கும் பளிங்குத் தூண்கள். அவை நிலநடுக்கத்தில் சரிந்து விழுந்தது, கி.மு. 30இல் இறந்துவிட்ட கிளியோபாட்ராவுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்ட காலத்தில். பெயரை மறந்துவிட்டால் குளம் அருமையானது. நீர் ஏறத்தாழ 36 பாகை செல்சியஸ், அதாவது நம் உடம்பின் சூடே. அதில் இறங்குவதற்குத் தனிக்கட்டணம் வாங்குவது வழக்கம். வெதுவெதுப்பான நீர் மூட்டுகளுக்கு இதமாக இருக்கும். நோய் தீரும் என்று நான் எழுத மாட்டேன். இதயநோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் புறப்படுவதற்கு முன்பே தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் எழுபதைக் கடந்தவர்கள். முழங்கால் வலி உண்டு. செருப்பில்லாமல் நடக்க வேண்டும் என்கிறார்களே, எங்களால் முடியுமா?
— தம்பதியர், கும்பகோணம்

முடியும், ஆனால் வாயிலைத் தேர்ந்தெடுப்பதில்தான் இருக்கிறது. அவ்விடத்துக்கு மூன்று வாயில்கள் உண்டு. ஊரிலிருந்து நேரே ஏறும் கீழ்வாயிலை நீங்கள் தவிர்த்துவிடுங்கள். அது வெண்சரிவின் மேல் வெறுங்காலோடு ஏறும் வழி. தெற்கு வாயிலுக்கு வண்டியில் போய் இறங்கினால், குளமும் அருங்காட்சியகமும் தட்டுகளின் மேல்விளிம்பும் அதிகத் தொலைவில் இல்லை. உள்ளே கட்டணத்துக்கு மின்வண்டிகளும் ஓடுகின்றன.

செருப்பைக் கழற்றச் சொல்வது வீண் கெடுபிடி அன்று. புதிதாகப் படிந்த சுண்ணாம்பு இன்னும் கூழாகவே இருக்கும். அழுத்தமான அடிப்பாகம் பட்டால் நசுங்கும், அதிலுள்ள அழுக்கு படிவோடு சேர்ந்து கல்லாகிவிடும். கோயில் பிராகாரத்தில் நடந்து பழகிய கால்களுக்கு அது புதிய அனுபவம் அன்று. பெரும்பாலான இடங்களில் தரை சொரசொரப்பாக, சிற்றலைகள் உறைந்ததைப் போல வரிவரியாக இருக்கும். வழுக்காது, ஆனால் உள்ளங்காலைக் குத்தும். பாசி படிந்த இடம் மட்டும் வழுக்கும். நிறத்தைக் கொண்டே அதை அறியலாம். கைத்தடி கொண்டு போனால், அதன் நுனிக்கு ரப்பர் உறை போட்டுக்கொள்ளுங்கள்.

சைவ உணவு கிடைக்குமா?
— வாசகர், ஸ்ரீரங்கம்

கிடைக்கும். கீரை, உருளைக்கிழங்கு அல்லது பாலாடைக்கட்டி வைத்து மடித்துச் சுடும் 'கோஸ்லெமே' என்ற மெல்லிய ரொட்டி பசியாற்றும். பருப்பு சூப் எங்கும் உண்டு. சில கடைகளில் இறைச்சிச் சாற்றில் சமைப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். 'எட்சிஸ்' என்றால் இறைச்சி இல்லாதது என்று பொருள். இந்த ஒரு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பொறியியல் மாணவன் நான். இடிபாடுகளில் ஒன்றே ஒன்றை மட்டும் நின்று பார்க்க நேரம் இருந்தால், எதைப் பார்க்கச் சொல்வீர்கள்?
— கல்லூரி மாணவர், கிண்டி

தயங்காமல் சொல்வேன்: வடக்கு இடுகாடு. நகரத்துக்கு வெளியே, சாலையின் இருபுறமும் நெடுந்தொலைவுக்குப் பரந்து, 1,200க்கும் மேற்பட்ட கல்லறைகள். நோய் தீர வந்து தீராமல் இறந்தவர்களும், ஊரிலேயே வாழ்ந்து முடித்தவர்களும் அங்கே இருக்கிறார்கள். ஃபிளேவியஸ் ஸெயுக்சிஸ் என்ற வணிகர், கிரேக்கத்தின் மலேயா முனையைச் சுற்றி இத்தாலிக்கு 72 முறை கடற்பயணம் செய்தவர் என்று தம் கல்லறையில் பொறித்து வைத்திருக்கிறார். புயலுக்குப் பேர்போன அந்த முனையை எத்தனை முறை கடந்தார் என்பதைத்தான் அவர் தம் வாழ்நாளின் அளவாகக் கருதியிருக்கிறார். எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

உனக்கென்றே ஒன்று அங்கே உண்டு. மார்க்கஸ் ஔரேலியஸ் அம்மியானோஸ் என்பவரின் கற்பேழை மூடியில், நீரால் சுழலும் சக்கரம் ஒன்று, பற்சக்கரத்தின் வழியே, கல்லறுக்கும் இரண்டு வாள்களை முன்னும் பின்னும் இழுப்பதாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. காலம் கி.பி. மூன்றாம் நூற்றாண்டு. சுழற்சியை முன்பின் அசைவாக மாற்றும் வணரித்தண்டும் இணைப்புக்கோலும் ஒன்றாக இயங்குவதற்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்று இதுவே. மோட்டார் வண்டியின் எஞ்சினுக்குள் இன்றும் இயங்குவது அதே தத்துவம்தான்.

அங்கேயே சில கல்லறைகளை வெந்நீர்ப் படிவு பாதி உயரத்துக்கு விழுங்கியிருப்பதையும் பார். நகரம் கைவிடப்பட்டு வாய்க்கால்களைப் பராமரிக்க ஆளில்லாமல் போனபோது, நீர் தன் விருப்பப்படி ஓடி, அவற்றைச் சுற்றிக் கல்லாக உறைந்துவிட்டது.

விசா, வழி, ஏற்ற பருவம், அருகிலுள்ள பிற இடங்கள் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும்.
— பலர்

இந்தியக் கடவுச்சீட்டு உடையோருக்கு விசா வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து அல்லது ஷெங்கன் நாடுகளின் நடப்பு விசா வைத்திருப்போர் இணையவழி விசாவுக்கு விண்ணப்பிக்கும் வாய்ப்பு இருந்துவருகிறது. மற்றவர்கள் விசா மையத்தை நாட வேண்டும். விதிகள் மாறக்கூடியவை, பயணச்சீட்டு வாங்குவதற்கு முன் துருக்கி அரசின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

இஸ்தான்புல்லிலிருந்து டெனிஸ்லி சார்தாக் விமான நிலையத்துக்குப் பறக்கலாம், அல்லது இரவுப் பேருந்தில் டெனிஸ்லிக்கு வரலாம். எபேசுவைப் பார்க்கிறவர்கள் அங்கிருந்து ரயிலில் டெனிஸ்லி வருவது வசதி. டெனிஸ்லிப் பேருந்து நிலையத்திலிருந்து 'டோல்முஷ்' எனப்படும் சிற்றுந்துகள் ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பாமுக்கலேக்குப் போகின்றன. ஏப்ரல், மே அல்லது செப்டம்பர், அக்டோபர் மாதங்கள் ஏற்றவை. கோடையில் வெண்கல்லின் எதிரொளி கண்ணைக் கூசச் செய்யும். குளிர்காலத்தில் நீர் கீழே வருவதற்குள் குளிர்ந்துவிடும், வெறுங்காலோடு நிற்பது துன்பம்.

இன்னொரு நாள் இருந்தால் அஃப்ரோடிசியஸுக்குப் போங்கள். 2017இல் உலக மரபுச் சின்னமான அந்நகரின் ஓட்டப்பந்தய அரங்கு, 30,000 பேர் அமரக்கூடியது. இவ்வளவு முழுமையாக எஞ்சியவை மிகச் சில. அரை நாள்தான் உண்டென்றால் லவோதிக்கேயா. அதுவும் இல்லையென்றால், சிறிது வடக்கே உள்ள கரஹயிட்டில் இரும்புச்சத்தால் சிவந்த ஊற்று.

ஒரே ஒரு நாள்தான் எங்களுக்கு உண்டு. எப்படிப் பார்ப்பது?
— குடும்பத் தலைவி, சேலம்

பெரும்பாலான சுற்றுலாப் பேருந்துகள் நண்பகலில் தெற்கு வாயிலில் இறக்கி, இரண்டு மணி நேரம் கொடுத்து, மீண்டும் ஏற்றிக்கொண்டு போய்விடுகின்றன. அப்படிப் போகாதீர்கள். முதல் நாள் இரவே பாமுக்கலே ஊரில் தங்கிவிடுங்கள்.

காலையில் வாயில் திறந்ததும் வடக்கு வாயில் வழியே நுழையுங்கள். வெயில் ஏறுவதற்குள் இடுகாட்டைக் கடந்துவிடலாம். அடுத்து வருவது, மூன்று வளைவுகளும் இரண்டு வட்டக் கோபுரங்களும் கொண்ட ஃபிரொன்டினஸ் வாயில். அதைக் கட்டுவித்த ஆளுநரே பின்னாளில் ரோம் நகரின் நீர் வழங்கலுக்குப் பொறுப்பேற்று, அதன் கால்வாய்களைப் பற்றி நூலும் எழுதியவர். அங்கிருந்து பெருந்தெருவில் நடந்து, புளூட்டோனியத்தைப் பார்த்துவிட்டு, நாடக அரங்குக்கு ஏறுங்கள். மேல்வரிசையில் உட்கார்ந்து குழந்தைகளுக்குச் சற்று ஓய்வு கொடுங்கள். மேடையின் பின்சுவரில் செதுக்கிய உருவங்கள் அங்கிருந்தே தெரியும், அதற்கு அப்பால் சமவெளியும் தெரியும். நடக்கத் தெம்பு இருந்தால் பிலிப்புவின் கோயில். நண்பகல் வெயிலுக்குப் பழைய ரோமானியக் குளியல் மண்டபத்தில் அமைந்த அருங்காட்சியகம் நிழல் தரும். பிற்பகலில் குளம்.

வெண்தட்டுகளைக் கடைசியாக வையுங்கள். மாலை வெயில் சாயும்போது கூட்டம் குறைந்திருக்கும். கல்லின் வெண்மை மெல்ல மஞ்சளாகி, ரோசா நிறமாகி, சாம்பலாகும். மேல்விளிம்பில் காலணிகளைக் கழற்றிக் கூடவே கொண்டுவந்த துணிப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், ஏனெனில் நீங்கள் அந்த வழியே திரும்பி வரப்போவதில்லை. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு, மேலே வெதுவெதுப்பாக இருக்கும் நீர் தொட்டிக்குத் தொட்டி குளிர்ந்துகொண்டே வருவதை உள்ளங்காலால் உணர்ந்தபடி, மெதுவாகக் கீழ்வாயிலுக்கு இறங்குங்கள். அங்கே காலைத் துடைக்கும்போது விரல் இடுக்குகளில் மாவு போல வெண்சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். ஒரு சிறு துண்டு கொண்டு போயிருந்தால் உதவும்.